படையில்லாத துறைமுகத்தைப் பக்கத்து ராஜா ஏன் பிடித்துக்கொள்ளவில்லை?

நீங்கள் எழுதும் கற்பனை உலகக் கதையில் ஒரு பேராற்றின் முகத்துவாரத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைய வணிக நகரம் இருக்கிறது. சுற்றிலும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று அரசுகள். நகரம் யார் பக்கமும் சேராது, சொல்லிக்கொள்ளும்படி படையும் கிடையாது. பூம்புகாரை மனத்தில் வைத்து இதை அமைத்ததாகச் சொல்லி, பூம்புகார் அப்படி நடுநிலையாக இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களை உண்மையில் உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். ‘இவ்வளவு பணம் புழங்குகிற ஊரைப் பக்கத்து ராஜா ஏன் ஒரு ராத்திரியில் பிடித்துக்கொள்ளவில்லை?’ என்று வாசகர் கேட்டால் என்ன சொல்வது? அதுதானே? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கதை எழுதும் கலை எனக்குத் தெரியாது. டெல்டாவில் ஒரு கல்லூரியில் இருபத்தேழு வருடம் வரலாறு நடத்தியவன் நான். சொந்த ஊர் திருவெண்காட்டுப் பக்கம், கொஞ்சம் கடைமடை நிலமும் உண்டு. இந்தக் கடற்கரையின் பழைய வணிகம்தான் எனக்குப் பழக்கமான விஷயம். அதிலிருந்து சொல்கிறேன், கதைக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பூம்புகார் நடுநிலை நகரம் இல்லை. அது சோழன் ஊர். இறங்குகிற சரக்குக்கும் ஏறுகிற சரக்குக்கும் புலி முத்திரை குத்தித்தான் வெளியே விட்டார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. அங்கே சுங்கம் வாங்குகிறவர்களைச் சூரியனின் தேர்க்குதிரைகளோடு ஒப்பிடுகிறார் புலவர், ஒரு நாளும் அலுக்காமல் வேலை பார்க்கிறார்களாம். சுங்கத் துறையைப் பற்றி இவ்வளவு மரியாதையாக அப்புறம் யாராவது எழுதினார்களா என்பது சந்தேகம். சரி, ஊர் ராஜாவுடையது என்பதில் ஐயமே இல்லை. 1960-களில் பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் தோண்டியபோது செங்கல் கட்டிய படகுத்துறையும், படகு கட்டுவதற்கான மரத்தூண்களும் கிடைத்தன. தாலமியின் நிலநூலில் ‘கபேரிஸ்’ என்று இதன் பெயர் வருகிறது. துறைமுகம் இருந்தது, பெரிதாக இருந்தது என்பதும் உறுதி.

ஆனாலும் பூம்புகாரிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஊர் நடுநிலையாக இல்லாவிட்டாலும் சந்தை அப்படி இருந்திருக்கலாம் என்று பாடல்கள் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்தின்படி ஊர் இரண்டு துண்டு. கடலோரம் மருவூர்ப்பாக்கம், அங்கேதான் யவனர் முதலான வெளிநாட்டார். உள்ளே பட்டினப்பாக்கம், அரசன் பக்கம். இரண்டுக்கும் நடுவே மரநிழலில் நாளங்காடி. சந்தையை நடுவில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஊரில் வெள்ளிடை மன்றம் என்று ஒரு இடம் இருந்ததாம். பேர் எழுதி, எண் போட்ட பொதிகள் திறந்தவெளியில் கிடக்கும். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. யாராவது திருடினால் அந்த மன்றமே அவனை, திருடிய பொதியையே தலையில் ஏற்றிக் கழுத்து ஒடியச் சுற்றிவரச் செய்யுமாம். மணிமேகலையில் இந்திரவிழா அறிவிக்கிறவன் முரசறைந்து சொல்கிற கட்டளைகளில் ஒன்று, பகைவர் எதிரே வந்தாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள் என்பது. இருபத்தெட்டு நாள் விழா அது. உங்கள் மூன்று அரசுகளின் வணிகர்களும் ஒரே ஊரில் ஒரு மாதம் தங்க வேண்டும் என்றால் இப்படி ஒரு கட்டளை இருந்தே ஆக வேண்டும். இவையெல்லாம் காப்பியங்கள், அரசுப் பதிவேடு இல்லை. மன்றம் உண்மையில் அப்படிச் செய்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். திருட்டு நடக்காத சந்தை என்ற பெயரே ஒரு ஊருக்குச் சொத்து என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் இதிலிருந்து நான் எடுப்பது.

நீங்கள் தேடும் நடுநிலை நகரம் பூம்புகாரிலிருந்து தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது. தரங்கம்பாடி. காலம்தான் வேறு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு அங்கே கோட்டை கட்ட இடம் கொடுத்தார், அவர்கள் ஆண்டுதோறும் அவருக்குக் குத்தகைப் பணம் கட்டினார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த போர்த்துகீசியரை மட்டுமே நம்பியிருக்க நாயக்கர் விரும்பவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அப்புறம் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் இந்தக் கரையின் வரைபடத்தைப் பாருங்கள். கொள்ளிடம் முகத்துவாரத்தில் தேவிக்கோட்டை, 1749 முதல் ஆங்கிலேயர். தெற்கே தரங்கம்பாடி, டேனிஷ். அதற்குத் தெற்கே காரைக்கால், 1739 முதல் பிரெஞ்சு. அதற்கும் தெற்கே நாகப்பட்டினம், 1658 முதல் டச்சு. பின்னால் தஞ்சாவூரில் மராட்டிய அரசர். மாட்டு வண்டியில் இரண்டு மூன்று நாளில் கடந்துவிடக்கூடிய கரையில் ஐந்து கொடிகள். கற்பனை உலகம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

இந்த ஐந்தில் பலவீனமானது தரங்கம்பாடிதான். ஒரு கட்டத்தில், 1669 வரைக்கும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு, சொந்த நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கோட்டையில் மிஞ்சியிருந்த ஒரு சிலரும் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். 1699-இல் தஞ்சைப் படை ஊரை முற்றுகையிட்டது. அப்போது டேனிஷ்காரர்களைக் காப்பாற்ற ஆள் அனுப்பியது யார் தெரியுமா? ஆங்கிலேயர். தரங்கம்பாடி டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு. உங்கள் கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. பலவீனமான ஊரைப் பக்கத்து ராஜா பிடிக்காமல் விடுவது கருணையால் இல்லை. தான் பிடிக்கப் போனால் மற்றவன் சும்மா இருக்க மாட்டான், தான் பிடிக்காவிட்டாலும் மற்றவனைப் பிடிக்க விடக்கூடாது. பங்காளிச் சண்டையில் இருக்கிற பொதுக்கிணறு மாதிரி. யாரும் தூர் வார மாட்டார்கள், ஆனால் யாரையும் மூடவும் விட மாட்டார்கள்.

மீதிப் பாதி பணத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டபோது, 1780-க்குப் பிறகு டச்சுக்காரரும் சேர்ந்துகொண்டபோது, எதிரிக் கொடி பறக்கும் கப்பலைக் கடலில் பிடித்துச் சரக்கோடு எடுத்துக்கொள்வது வழக்கம். டேனிஷ் கொடி பறந்தால் தொட மாட்டார்கள். உடனே எல்லாருக்கும் டேனிஷ் கொடி மேல் பாசம் வந்துவிட்டது. அதிலும் வேடிக்கை, ஆங்கிலக் கும்பெனியின் ஊழியர்களே இங்கே சுருட்டிய பணத்தைத் தங்கள் கும்பெனிக்குத் தெரியாமல் ஊருக்கு அனுப்ப டேனிஷ் வணிகர்களின் உண்டியலை, அதாவது இங்கே பணம் கட்டி ஐரோப்பாவில் வாங்கிக்கொள்ளும் மாற்றுச்சீட்டை, பயன்படுத்தினார்கள். காரைக்கால் பலமுறை கைமாறியது, நாகப்பட்டினத்தை 1781-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அந்தக் காலத்தில்தான் தரங்கம்பாடியின் வியாபாரம் உச்சத்தில் இருந்தது. உங்கள் நகரத்திலும் இதை வையுங்கள். எதிரி நாட்டு அமைச்சனின் ரகசியக் கணக்கு அந்த ஊர்ச் செட்டியார் கிடங்கில் இருக்கட்டும். மூன்று அரசுகளிலும் ஊரைத் தாக்கச் சொல்லி ராஜா சபை கூட்டினால், ‘இப்போது வேண்டாம், மழை முடியட்டும்’ என்று சொல்ல நாலு பேர் அங்கேயே இருப்பார்கள்.

அந்த நடுநிலை எப்படி உடைந்தது என்பதும் கதைக்கு உதவும். கடலில் தங்கள் கப்பல்களை ஆங்கிலேயர் சோதனை போடுவதைப் பொறுக்காமல், ரஷ்யா, ஸ்வீடன் முதலான நாடுகளோடு டென்மார்க் ஆயுதம் தாங்கிய நடுநிலைக் கூட்டணியில் சேர்ந்தது. அதற்காக 1801-இல் கோபன்ஹேகனில் அடி வாங்கியது. அதே வருடம் தரங்கம்பாடியை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1807-இல் கோபன்ஹேகன் மறுபடி குண்டுவீச்சுக்கு ஆளானது, 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடி மறுபடி ஆங்கிலேயர் கையில். நடுநிலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கூட்டணி சேர்ந்த கணமே நடுநிலை போய்விட்டது. முடிவு எடுத்தது எங்கேயோ பனி பெய்கிற ஊரில், கதவைத் தட்டியது நம் ஊர்க் கடற்கரையில். 1815-இல் ஊர் திரும்பக் கிடைத்தாலும் வியாபாரம் திரும்பவில்லை. 1845-இல் வங்காளத்து செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, தரங்கம்பாடிக்கு அப்போது வரவில்லை. கதை அத்தோடு முடிந்தது.

இன்னொரு வகையும் உண்டு. ஊர் முழுக்க ஒரு ராஜாவுடையதாக இருக்கும், ஆனால் உள்ளே ஒரு கட்டடம் மட்டும் யார் சண்டையிலும் சேராது. சுமத்ரா, மலாய்க் கரைகளை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை ராஜராஜன் 1006-இல் கொடுத்தான். இருபத்தொரு செப்பேட்டில் அதை எழுதினார்கள், லைடன் செப்பேடு என்று பாடப்புத்தகத்தில் வருவது அதுதான். 1025-இல் ராஜேந்திரன் கடல் கடந்து போய் அதே ஸ்ரீவிஜயத்தை அடித்தான், அரசனையே சிறைப்பிடித்தான் என்கிறது மெய்க்கீர்த்தி. 1090-இல் குலோத்துங்கன், கடாரத்து (ஸ்ரீவிஜயத்துக்கு நம் கல்வெட்டுகளில் வரும் பெயர்) அரசனின் தூதர்கள் வந்து கேட்டதால், அதே விகாரத்துக்கு மறுபடி வரிவிலக்கு எழுதிக் கொடுக்கிறான். நடுவில் ஒரு போரே நடந்திருக்கிறது! கடாரத்தின் மேல் படை ஏன் போனது, சீன வணிகத்தில் போட்டியா, வெறும் புகழாசையா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் இந்த மூன்று ஆண்டுகளும் உறுதியானவை. ஸ்ரீவிஜய அரசனின் முகவர் ஊர்க் காயாரோகணர் கோயிலுக்கு நகை கொடுத்த கல்வெட்டும் இருக்கிறது. புத்த விகாரம் கட்டியவன் சிவன் கோயிலுக்கும் நகை போடுகிறான். வெளிநாட்டு வணிகன் ஊரில் பிழைக்கும் வழி அது. உங்கள் நகரத்தில் மூன்று நாட்டுத் தெய்வங்களுக்கும் கோயில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. ஒருவன் மற்றவன் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும்.

படையே இல்லை என்பதை மட்டும் மாற்றிவிடுங்கள், யாரும் நம்ப மாட்டார்கள். ராஜாவுக்கு எதிரான படை வேண்டாம், திருடனுக்கு எதிரான படை வேண்டும். ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் போன்ற வணிகக் குழுக்கள் சொந்தமாக ஆயுதம் தாங்கிய வீரர்களை வைத்திருந்தன. வழியில் அந்த வீரர்கள் பாதுகாப்பில் இருந்த சில வணிக ஊர்களுக்கு எறிவீரப்பட்டினம் என்றே பெயர். ஐந்நூற்றுவர் 1088-இல் சுமத்ராவின் பாருஸ் வரைக்கும் போய்த் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள். பொதியோடு ஆளையும் கூட்டிப் போனதால்தான் அவ்வளவு தூரம் போக முடிந்தது.

அளவை விஷயத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஆடவல்லான் என்ற மரக்கால் வருகிறது, அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்று குறித்திருக்கிறார்கள். அளக்கிற படிக்குக் கடவுளின் பெயர். உங்கள் ஊர்ப் படி எந்த ராஜா பெயரிலும் இல்லாமல் ஊர்த் தெய்வத்தின் பெயரில் இருந்து, மூன்று நாட்டுக்காரனும் தன் படியை அதோடு ஒத்துப் பார்க்க வந்தால், நகரத்தின் அதிகாரம் என்ன என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். அதேபோல உடைந்த கப்பல். புயலில் கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கைக் கரைக்கு உரிய ராஜா எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் 1244-இல் ஒரு கல்வெட்டு வைத்து, இனி அப்படி எடுக்க மாட்டேன், தீர்வை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று அபயம் கொடுத்தான். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் கடல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்கு அந்தக் கல்லின் மதிப்பு புரியும்.

இப்போது என் வயலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் நகரத்தின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. முகத்துவாரம் என்றால் கடைமடை. டெல்டாவில் பிறந்த யாரும் இதை மறக்க மாட்டார்கள். மேட்டூரில் ஜூன் 12 திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் நாற்றங்காலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும், சில வருடம் வந்தும் சேராது. கடலிலிருந்து வருகிற எதிரியை உங்கள் நகரம் பேசிச் சமாளிக்கும். மேலே மதகை அடைக்கிறவனை என்ன செய்யும்? முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் தாழ்ந்த படுகை, விட்டால் தண்ணீர் முழுவதையும் அதுவே இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் 1836-இல் அங்கே மேலணை கட்டினார்கள். அதற்கு முன்பு, 1760-களில், காவிரிக் கரையைப் பழுதுபார்க்கும் உரிமை யாருக்கு என்று ஆற்காட்டு நவாபுக்கும் தஞ்சை அரசருக்கும் பெரிய தகராறு. கரை இருந்தது நவாபின் எல்லையில், காய்ந்தது தஞ்சையின் வயல். கும்பெனி நடுவில் புகுந்தது. நடுவில் புகுந்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

இன்றைக்கும் பாருங்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, சுற்றிலும் தமிழ்நாடு. எல்லை தாண்டினால் சரக்கு விலை குறைவு என்று மாலையில் கிளம்புகிற கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சின்ன கடைமடைத் துண்டுக்காகக் காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பில் 7 டி.எம்.சி. தண்ணீர் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு ஊர் தனி ஆட்சியாக இருக்க வேண்டும் என்றால் அதற்குத் தண்ணீர்ப் பத்திரம் வேண்டும். உங்கள் நகரத்துக்கு அந்தப் பத்திரம் எங்கே?

கடைசியாக ‘ஆயிரம் ஆண்டு’. டெல்டாவில் துறைமுகம் ஒரே இடத்தில் அவ்வளவு காலம் நிற்பது கஷ்டம். ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும், கடல் கரையைத் தின்னும். பூம்புகாரில் இப்போது காவிரி கடலில் சேருகிற இடத்தைப் பார்த்தால் இதற்கா பட்டினப்பாலை என்று தோன்றும், வெள்ளத்தைக் கொள்ளிடம்தான் சுமக்கிறது. இந்திரவிழாவை மறந்ததால் கடல் ஊரைக் கொண்டுபோனது என்கிறது மணிமேகலை. ஒரே இரவில் போனதா, கொஞ்சம் கொஞ்சமாக அரித்ததா என்று இன்னும் தீர்மானமாகவில்லை. நான் அரிப்பின் பக்கம். தரங்கம்பாடியில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பாதி தின்றிருப்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன். ஆகவே உங்கள் நகரம் ஒரே இடத்தில் இருந்ததாக எழுதாதீர்கள். இரண்டு மூன்று முறை நகர்ந்திருக்கட்டும், போன இடத்துக்கெல்லாம் பழைய பெயரையும் பழைய படியையும் கொண்டுபோயிருக்கட்டும்.

நீங்கள் இணைத்திருந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு மலையில் புறப்பட்டு நேராக நகரத்துக்கு வந்து கடலில் விழுகிறது, நடுவில் எங்கேயும் பிரியவில்லை. முதலில் அதைப் பிரியுங்கள். பிரிகிற இடத்தில் ஒரு அணையை வையுங்கள், அது மூன்றில் எந்த அரசின் எல்லைக்குள் வருகிறது என்று முடிவு செய்துவிட்டு மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.